மார்கரேத் கைஸ்லர் சாகவில்லை

1986ஆம் ஆண்டு லண்டனில் கமலாம்பிகைக்குக் கிடைத்த முதல் அலுவலக வேலையில் பாதி, பாரம் தூக்குவதுதான். இங்கிலாந்தில் பிறந்தவர்கள், மணமுடித்தவர்கள், இறந்தவர்கள் எல்லோருடைய பெயர்ச் சுட்டிகளும் அப்போது கிங்ஸ்வே வீதியில் ஒரு கட்டடத்தில் இருந்தன. பிறப்புக்குச் சிவப்பு, திருமணத்துக்குப் பச்சை, மரணத்துக்குக் கறுப்பு. ஒவ்வொரு தொகுதியும் ஒரு வயதுக் குழந்தையின் கனம். முதுகில் இருந்த கைபிடியைப் பற்றி இழுத்து, சாய்மேசையில் போட்டு, விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப ஏற்றி வைக்க வேண்டும். நாற்பத்து நான்கு வயதில், சேலைக்கு மேல் கோட்டும் காலில் கான்வஸ் சப்பாத்துமாக, ஒரு நாளைக்கு நூறு தொகுதிகளுக்கு மேல் அவர் இறக்கி ஏற்றினார்.

நோர்பரியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அவரும் கணவர் அம்பலவாணனும் குடியிருந்தார்கள். இங்கே எழுதுவதில் பெரும்பகுதி அவர் வாயால் கேட்டது. கடைசிச் சம்பவம் மட்டும் நான் கண்ணால் கண்டது.

ஊரில் அவர் யாழ்ப்பாணத்துக் காணிப் பதிவுக் கந்தோரில் பத்தொன்பது வருடம் கிளாக்கர். அந்தப் பத்தொன்பது வருடத்தில் இரண்டு தடவை தண்டனை இடமாற்றம்: ஒன்று முல்லைத்தீவுக்கு, மற்றது மன்னாருக்கு. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். முன்திகதி போட்டு ஒரு காணி உறுதிப் பத்திரத்தைப் பதியச் சொன்னார்கள், முடியாது என்றார். "இவவின்ர வாய்க்கு அரசாங்கம் ரெண்டு தரம் ஓசியில ரயில் வாரண்ட் குடுத்தது" என்று அம்பலவாணன் பகிடியாகச் சொல்வார். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு இருவரும் லண்டன் வந்தார்கள். அம்பலவாணன் ஒரு பாண் பேக்கரியில் பொதி கட்டும் வேலைக்குப் போனார்.

கமலாம்பிகையை வேலைக்கு எடுத்தவர் பெல்ஷம் என்ற வெள்ளைக்காரர். ஹோபர்ன் பக்கம் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறைகளில் தொழில் நடத்தினார். உயில் எழுதாமல் இறந்துபோனவர்களின் சொத்துக்கு உரித்தாளிகள் யார், எங்கே இருக்கிறார்கள் என்று தேடிக் கொடுப்பதுதான் தொழில். நேர்முகத்தில், பதிவேடுகளில் அனுபவம் உண்டா என்று கேட்டார். பத்தொன்பது வருடம் என்றதும், "அங்கேயா?" என்று புருவத்தை உயர்த்தினார்.

"அங்கேயும் ஆட்கள் பிறக்கிறார்கள், கலியாணம் கட்டுகிறார்கள், சாகிறார்கள்" என்றார் கமலாம்பிகை.

பெல்ஷம் சிரித்துவிட்டு வேலையைக் கொடுத்தார்.

1989ஆம் ஆண்டு இலைதளிர் காலத்தில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவிலிருந்து ஒரு கோப்பு வந்தது. யாக்கோப்பு கைஸ்லர் என்ற விவசாயி, கலியாணம் கட்டாதவர், எண்பத்தேழு வயதில் உயில் இல்லாமல் இறந்திருந்தார். பெரிய பண்ணை: சோளமும் கோதுமையும் விளையும் கறுப்பு மண். கைஸ்லர் குடும்பம் ஜெர்மனியிலிருந்து நேரே அமெரிக்கா போனதல்ல. யாக்கோப்பின் பாட்டனார் கொன்ராட் முதலில் லண்டனுக்கு வந்து, கிழக்கே வைட்சப்பலில் சீனி காய்ச்சும் ஆலை ஒன்றில் இருபது வருடம் வேலை செய்தவர். அந்த வேலையில் அப்போது பெரும்பாலும் ஜெர்மன்காரர்கள்தான். கொன்ராட்டுக்கு லண்டனிலேயே மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள்: மார்கரேத், கேயோர்க், பிரீட்ரிக். 1873இல் அவர் குடும்பத்தோடு கப்பல் ஏறினார். பிரீட்ரிக்கின் ஒரே பிள்ளைதான் இறந்துபோன யாக்கோப்பு. கேயோர்க்கின் பேரன் வால்டர் என்பவர்தான் இப்போது பெல்ஷத்தை அமர்த்தியிருந்தார்.

வால்டருக்கு வேண்டியது ஒரே ஒரு கடதாசி. குடும்ப பைபிளிலிருந்து தட்டச்சு செய்து அவர் அனுப்பிய வம்சப் பட்டியலில், மூத்த மகள் மார்கரேத்துக்கு நேரே "மரணம் 1874, லண்டன்" என்று இருந்தது. அவள் பிள்ளை இல்லாமல் இறந்தாள் என்று இங்கே தேடிப் பார்த்து உறுதி செய்தால், கேயோர்க்கின் வழிக்கே முழுப் பண்ணையும் போகும்.

"இரண்டு நாள் வேலை. மரணத்தைக் கண்டுபிடி, சத்தியக்கடதாசியில் கையெழுத்து வை" என்றார் பெல்ஷம்.

கமலாம்பிகை கறுப்புத் தொகுதிகளை இறக்கினார். 1874இல் மார்கரேத் கைஸ்லர் என்று ஒருத்தி சாகவில்லை. முன்னும் பின்னும் மூன்று வருடங்கள் பார்த்தார். இல்லை.

வம்சப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தார். ஆண்பிள்ளைகளுக்குப் பிறந்த நாள், ஞானஸ்நான நாள், மணநாள், இறந்த நாள், அடக்கம் செய்த இடம் எல்லாம் இருந்தன. மகளுக்கு மட்டும் பிறந்ததற்கும் இறந்ததற்கும் வெறும் வருடம். யாழ்ப்பாணத்துக் காணிக் கந்தோரில் அவர் படித்த முதல் பாடம், ஒரு காணி எங்கே போனது என்று அறிய வேண்டுமானால் முதலில் பெண்பிள்ளைகளைத் தேடு என்பது. காணி சீதனமாகப் பெண்ணோடு போகும். பெண் யாரைக் கட்டினாள் என்று தெரியாமல் எந்த உறுதியையும் வாசித்து முடிக்க முடியாது. பெண்ணின் பெயருக்கு நேரே விபரம் குறைந்திருந்தால், அங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னார்: "அந்தப் பிள்ளை சாகேல்லையப்பா. பதினெட்டு வயசுப் பெட்டை. தாய் தேப்பன் கப்பல் ஏறேக்கை அவள் மட்டும் நிண்டிருக்கிறாள். ஏன் நிண்டவள்? ஆரையோ விரும்பியிருக்கிறாள். இவை தலைமுழுகிப்போட்டினம்."

"வெள்ளைக்காரர் தலைமுழுகுவினமே?" என்றார் அம்பலவாணன்.

"பைபிளில எழுதித் தலைமுழுகியிருக்கினம்."

மறுநாள் பச்சைத் தொகுதிகளுக்குப் போனார். ஜி எழுத்தில் 1873 முதல் 1880 வரை கைஸ்லர் என்று எந்தப் பெண்ணும் மணமுடித்திருக்கவில்லை. தன் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். கண்டது, தேடியது எல்லாவற்றையும் அவர் தமிழில்தான் எழுதுவார். பெல்ஷத்துக்கு அது பிடிக்காது. புத்தகத்தில் "கைஸ்லர்" என்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தமிழில் ஒரே ஒரு ககரம். ஆங்கிலத்தில் அது ஜி-யாகவும் இருக்கலாம், கே-யாகவும் இருக்கலாம். ஜெர்மன்காரியின் வாயிலிருந்து வந்த பெயரை வைட்சப்பல் எழுதுவினைஞன் காதால் கேட்டல்லவா எழுதியிருப்பான்?

கே எழுத்துத் தொகுதியை இறக்கினார். 1874, செப்டெம்பர் காலாண்டு, வைட்சப்பல். கே-யில் தொடங்கி, நடுவில் ஒரு வை எழுத்தோடு, மார்கரெட் கைஸ்லர்.

சான்றிதழ் பிரதி வர நான்கு நாள் ஆனது. மாப்பிள்ளை டானியல் ஹர்லி, துறைமுகத் தொழிலாளி. அயர்லாந்துக்காரன். கத்தோலிக்கக் கோயிலில் மணம். மணமகளின் தகப்பன் பெயர்: கொன்ராட். தொழில்: சீனி ஆலை. மணமகள் தன் கையாலேயே, மார்கரேத் என்று மட்டும், கையெழுத்து வைத்திருந்தாள்.

1874 அவள் செத்த வருடம் அல்ல, அவள் கலியாணம் கட்டிய வருடம்.

அடுத்த வாரம் சிவப்புத் தொகுதிகளில் ஒரு பிள்ளையையும் கண்டுபிடித்தார்: எலன் ஹர்லி, 1876. இரண்டு சான்றிதழ்களையும் கொண்டுபோய் பெல்ஷத்தின் மேசையில் வைத்தார்.

பெல்ஷம் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். பிறகு கழற்றினார். "கமலா, இது வேறொரு மார்கரெட்."

"தகப்பன் பேர் பாருங்கோ."

"கொன்ராட் என்று வைட்சப்பலில் ஐந்நூறு பேர் இருந்திருப்பார்கள்."

"இருந்திருக்கலாம். என்னுடைய பேர் கமலாம்பிகை."

பெல்ஷம் ஒரு கடதாசியை அவர் பக்கம் தள்ளினார். ஏற்கனவே தட்டச்சு செய்து தயாராக இருந்தது. குறிப்பிட்ட ஆண்டுகளில், கைஸ்லர் என்ற பெயரில், மார்கரேத்துக்குத் திருமணம் நடந்ததாகவோ பிள்ளை பிறந்ததாகவோ பதிவு எதுவும் காணப்படவில்லை; தேடியவர் கையெழுத்து. "ஜி எழுத்தில் இல்லைத்தானே? இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை" என்றார்.

"சொல்லில பொய் இல்லை. கடதாசி முழுக்கப் பொய்" என்றார் கமலாம்பிகை. "நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

"நம்மை அமர்த்தியவர் கேட்டது இதுதான்."

"அவர் கேட்டது அவளுக்கு என்ன நடந்தது எண்டு. நடந்ததை நான் சொல்லிப்போட்டன்."

அன்று மாலைக்குள் அவருடைய வேலை போய்விட்டது. கடதாசியில் பெல்ஷமே கையெழுத்து வைத்து அனுப்பினார்.

அம்பலவாணன் முதலில் சீறினார். "ஆற்றையோ காணிக்கு நீர் ஏன் அடிபடுறீர்? அங்கை ஊரில என்ர அப்பாவின்ர காணிக்குள்ள ஆமிக்காரன் நிக்கிறான். அதைக் கேக்க ஆள் இல்லை."

"அதைக் கேக்க என்னால ஏலாது. இதைக் கேக்க ஏலும்" என்றார் மனைவி. "ஏலுறதையும் கேக்காமல் விட்டால் நான் என்னத்துக்கு?"

 வந்த புதன்கிழமை அம்பலவாணன், தன் லீவு நாளில், கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "தொகுதியை நான் தூக்கித் தாறன். நீர் வாசியும்" என்றார்.

சுட்டிகளைப் பார்க்க யாருக்கும் உரிமை உண்டு. கமலாம்பிகை விடியற்காலையில் அலுவலகங்கள் துப்புரவு செய்யும் வேலை ஒன்றை எடுத்துக்கொண்டு, பத்து மணிக்குக் கிங்ஸ்வேயில் நின்றார். ஒரு பரம்பரையைப் பின்னோக்கித் தேடுவதைவிட முன்னோக்கித் தேடுவது கடினம். பெண்பிள்ளைகள் பெயர் மாறிப் போய்விடுவார்கள். எலன் மணமுடித்தாள். அவளுக்கு ஒரு மகன். முதல் யுத்தத்தில் செத்தான். ஒரு மகள், அவளும் பெயர் மாறினாள். எட்டு மாதம் ஆனது. 1990ஆம் ஆண்டு தொடக்கத்தில், வாக்காளர் பட்டியலில் அவர் விரல் நின்ற பெயர் டோரீன் பிராட். எட்மண்டனில் ஒரு கவுன்சில் பிளாட். வயது ஐம்பத்தெட்டு. பள்ளிக்கூடத்தில் மதிய உணவு பரிமாறும் வேலை. மார்கரேத்தின் கொள்ளுப்பேத்தி.

ஒரு சனிக்கிழமை போய்க் கதவைத் தட்டினார். டோரீன் சங்கிலியை எடுக்காமல் எட்டிப் பார்த்தார். சேலை கட்டிய ஒரு பெண், கையில் ஃபைல்.

"எங்களுக்கு ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

கமலாம்பிகை படியில் உட்கார்ந்து, கொண்டுபோன பேனையால் ஒரு தாளில் எழுதினார்: "உங்கள் தாயின் தாய் எலன் ஹர்லி. அவருடைய தாய் மார்கரெட். நான் ஒன்றும் விற்க வரவில்லை." அதைக் கதவிடுக்கால் உள்ளே தள்ளினார்.

கதவு திறந்தது. டோரீனுக்கு எலன் என்ற பெயர் மட்டும் தெரியும். நாங்கள் அயர்லாந்து ஆட்கள் என்று சாதித்தார். திருமணச் சான்றிதழில் அந்தக் கையெழுத்தைக் காட்டியதும் வெகுநேரம் பார்த்தார். "அப்படியென்றால் இவளுடைய அப்பா இவளை இங்கே விட்டுவிட்டுப் போய்விட்டாரா?" என்று கேட்டார். பண்ணையைப் பற்றி அவர் கேட்டது அதற்கும் பிறகுதான்.

கமலாம்பிகை நெப்ராஸ்கா நீதிமன்றத்துக்கு நேரடியாக எழுதினார். எல்லாச் சான்றிதழ்களின் பிரதியும், ஏழு பக்கம் சத்தியக்கடதாசியும். இந்தத் தடவை தன் கையெழுத்தோடு. நீதிபதி வழக்கைத் தீர்க்காமல் நிறுத்தி வைத்தார். வால்டரின் வழக்கறிஞர் விடவில்லை. இது வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஓர் அகதியின் பழிவாங்கல் என்று எழுதினார். கடைசியில் சாட்சியம் எடுக்க அவரே லண்டன் வந்தார். 1991 ஒக்டோபரில், ஒரு சொலிசிட்டரின் அலுவலகத்தில் எல்லோரும் கூடினார்கள். டோரீன் தனக்கிருந்த ஒரே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அறையின் மூலையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க இன்னோர் அமெரிக்கப் பெண், மடியில் ஒரு பெரிய துணிப்பையோடு இருந்தார். வால்டரின் சொந்தத் தங்கை, கத்தரின். அண்ணன் சார்பில் வந்திருப்பதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள்.

நடந்த பேச்சைக் கமலாம்பிகை எனக்குச் சொன்னபடியே, அவருடைய தமிழிலேயே எழுதுகிறேன்.

"உங்களுக்கு ஜெர்மன் தெரியுமா?" என்று வழக்கறிஞர் கேட்டார்.

"தெரியாது."

"ஆங்கிலம் உங்கள் தாய்மொழியும் அல்ல."

"இல்லை."

"அப்படியிருக்க, ஜி-யில் தொடங்கும் ஒரு பெயரும் கே-யில் தொடங்கும் ஒரு பெயரும் ஒரே ஆளுடையது என்று எந்தத் தகுதியில் சொல்கிறீர்கள்?"

கமலாம்பிகை கைப்பையைத் திறந்து மூன்று கடதாசிகளை மேசையில் வைத்தார். அவருடைய பாஸ்போர்ட், உள்நாட்டமைச்சிலிருந்து வந்த கடிதம், பழைய சம்பளச் சீட்டு. மூன்றிலும் அவர் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது.

"இந்த மூண்டு பேரும் நான்தான். எழுதினவைக்கு என்ர பாஷை தெரியாது. எழுத்து மாறினதாலை நான் மூண்டு ஆளாகேல்லை, ஒருத்தி செத்தும் போகேல்லை. எந்தத் தகுதியிலை எண்டு கேட்டியள். இந்தத் தகுதியிலைதான்."

வழக்கறிஞர் அடுத்ததாகப் பைபிளைப் பற்றிக் கேட்டார். "குடும்பத்தின் சொந்தப் பதிவே 1874இல் மரணம் என்கிறது. அதைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமா?"

"நான் பைபிளைக் காணேல்லை. தட்டச்சு செய்த தாளைத்தான் கண்டனான். பைபிள் எங்கை?"

"அது நெப்ராஸ்காவில் இருக்கிறது."

"இல்லை" என்றார் மூலையில் இருந்த கத்தரின். எழுந்து வந்து துணிப்பையிலிருந்து தோல் அட்டை போட்ட தடித்த புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். "இது என் வீட்டு அலுமாரியில் இருப்பது. வால்டர் கேட்காததால் நான் சொல்லவில்லை."

திறந்து காட்டினார். செத்தவர்கள் ஒவ்வொருவரின் பெயருக்குப் பக்கத்திலும் சின்னதாக ஒரு சிலுவை. மார்கரேத்தின் பெயருக்குப் பக்கத்தில் சிலுவை இல்லை. பெயரின் மேல் ஒரு கோடு, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி இழுத்தது. பக்கத்தில் 1874. மரணம் என்ற சொல் எங்கேயும் இல்லை.

"உங்கள் பங்கு பாதியாகக் குறையும் என்று தெரிந்தா இதைக் காட்டுகிறீர்கள்?" என்று வழக்கறிஞர் கேட்டார்.

"எனக்குக் கணக்குத் தெரியும்" என்றார் கத்தரின். "எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் இந்தக் கோட்டைப் பற்றிக் கேட்டால் பிள்ளைகளை எழுப்பிவிடுவார்கள். நான் ஆறு வயதில் கேட்டேன். என்னை எழுப்பிவிட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடி வந்தவர் இந்த அம்மா ஒருவர்தான்."

1992இல் தீர்ப்பு வந்தது. பண்ணையில் பாதி கேயோர்க்கின் வழிக்கு, பாதி மார்கரேத்தின் வழிக்கு. வால்டர் மூன்று தடவை டோரீனின் பங்கை வாங்கக் கேட்டார். டோரீன் மூன்று தடவையும் இல்லை என்றார். நிலத்தைக் கத்தரினின் மகனுக்குக் குத்தகைக்கு விட்டார். அடுத்த கோடையில் போய்ப் பார்த்துவிட்டு, கமலாம்பிகைக்கு ஒரு தபாலட்டை அனுப்பினார். அதில் ஒரே ஒரு வரி: "இது எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவள் ஒரு அயர்லாந்துக்காரனோடு நின்றாள், சரியான துணிச்சல்காரி."

வழக்கைப் பற்றிக் கேள்விப்பட்டு ஆட்கள் கமலாம்பிகையைத் தேடி வரத் தொடங்கினார்கள். துப்புரவு வேலையை விட்டுவிட்டு, வீட்டு முன்னறையிலிருந்தே தேடுதல் வேலை செய்தார். அமெரிக்காவிலிருந்து, ஆஸ்திரேலியாவிலிருந்து கடிதங்கள் வரும். எங்கள் ஆட்கள் வருவது குறைவு. எங்களுக்கு எங்கள் பரம்பரை தெரியும் என்று ஒரு நினைப்பு.

1995இல் கனகலிங்கம் வந்தார். இரண்டு கடைகள் வைத்திருந்தவர், கோயில் சபையிலும் இருந்தவர். அவருடைய தகப்பனார் லண்டனில் காலமாகியிருந்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சடிக்கும் கல்வெட்டில், அதுதான் அந்த நினைவுப் புத்தகத்தில், ஏழு தலைமுறை வம்சாவளி போட வேண்டும் என்றார். கமலாம்பிகை சந்தோஷமாகத்தான் உட்கார்ந்தார். தகப்பனாரின் பிள்ளைகளின் பெயர்கள் கேட்டபோது கனகலிங்கம் நான்கு சொன்னார்.

"அஞ்சு பேரெல்லோ? சந்திரவதனா?"

"அவவை விடுங்கோ அக்கா."

சந்திரவதனா எழுபத்தொன்பதில் வேறு சாதியில் ஒருவரைக் கட்டிக்கொண்டு பரிஸுக்குப் போனவர். எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை.

"விட ஏலாது. அவவும் அந்த மனிசன்ர பிள்ளை. அஞ்சு பேரையும் போடுறதெண்டால் எழுதித் தாறன். நாலு பேர் எண்டால் நீங்கள் வேறை ஆளைப் பாருங்கோ."

கனகலிங்கம் வேறு ஆளைப் பார்த்தார்.

அந்தியேட்டி அன்று மண்டபத்தில் நானும் இருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன் எல்லோருக்கும் கல்வெட்டு கொடுத்தார்கள். மினுங்கும் அட்டை. கமலாம்பிகை வம்சாவளிப் பக்கத்தைத் திறந்தார். நான்கு பிள்ளைகள். கைப்பையிலிருந்து பேனையை எடுத்து, நான்காவது பெயருக்குக் கீழே "சந்திரவதனா" என்று நிறுத்தி நிதானமாக எழுதினார். பிறகு கணவரின் பிரதியை வாங்கி அதிலும் எழுதினார். பிறகு என் பக்கம் கை நீட்டினார். நான் கொடுத்தேன்.

பின்வரிசையில் ஒருவர் தன் புத்தகத்தைச் சட்டென்று மூடினார். ஆனால் எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு பெண் தன்னுடையதைத் திருப்பி நீட்டினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் நீட்டினார். அப்படியே ஏழெட்டுப் புத்தகங்கள் சேர்ந்துவிட்டன.

கனகலிங்கம் கண்டுவிட்டார். வேட்டியைப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார். 

"என்ன அக்கா செய்யிறியள்? இது என்ர அப்பாவின்ர கல்வெட்டு."

"ஓம் தம்பி. அதாலைதான் திருத்துறன்" என்றார் கமலாம்பிகை, தலையை நிமிர்த்தாமல். "அச்சடிச்சவங்கள் ஒரு பிள்ளையை விட்டுட்டாங்கள்."

 கமலாம்பிகை அடுத்த புத்தகத்தை எடுத்து, பக்கத்தைத் தட்டி, எழுதத் தொடங்கினார்.